லேட் ஆயிடுச்சா? – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் கலிஃபோர்னியால சான் ஹோசேல இருக்கேன், வீட்டுலேர்ந்து ஐடி வேலை. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ க்ளீனிங்குக்கு ஒருத்தங்க வர்றாங்க, எல் சால்வடார்காரங்க, வயசு 36. பொண்ணுக்கு 8 வயசு, என் பையன் வயசு தான். போன வாரம் என் ஸ்க்ரீன்ல இருந்த கோட பாத்துட்டு "இத நானும் படிக்கலாமா"ன்னு கேட்டாங்க. பாவமா இருந்துச்சு. வீட்டு வேலை செய்யறவங்கன்னாலும் ரொம்ப ஷார்ப். ஹைஸ்கூல் முடிக்கல, அப்புறமா ஜிஇடினு ஹைஸ்கூலுக்கு சமமான பரீட்சை எழுதி பாஸ் பண்ணாங்களாம். இந்த வயசுல லேட் இல்லையா? பைத்தான்ல ஆரம்பிக்கணுமா, ஜாவாவா? ஒரு பூட்கேம்ப்ல, அதான் கொஞ்ச மாசத்துல கோடிங் சொல்லித் தர்ற தனியார் கிளாஸ், 14,000 டாலர் கேக்கறாங்க, சேரச் சொல்லலாமா? இங்க இருக்கறதுக்கு பேப்பர்ஸ் (விசா, குடியுரிமை மாதிரி) இருக்கான்னு கேக்கலாமான்னும் யோசிக்கறேன்.

– ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்க கடிதம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தான் எனக்கு ஒரு போட்டோ வந்துச்சு, பட்டமளிப்பு கவுன் போட்ட ஒரு பொண்ணு, பக்கத்துல அவ அம்மா. அதையே நெனச்சுட்டு இருந்த நேரத்துல நீங்க எழுதறீங்க. அந்தக் கதைக்கு வரேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் திட்டணும், கோவிச்சுக்காதீங்க.

பேப்பர்ஸ் பத்தி கேக்கவே கேக்காதீங்க. சம்பளம் குடுக்கற வீட்டுலேர்ந்து அந்தக் கேள்வி வந்தா அது அக்கறையா கேக்காதும்மா, மிரட்டலா தான் கேக்கும். கலிஃபோர்னியால பேப்பர் இல்லாதவங்களும் கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்பு தர்ற அரசு காலேஜ்) சேரலாம். அங்க ஸ்கூல் படிச்சு முடிச்சவங்களுக்கு உள்ளூர் ஃபீஸே போதும்னு 2001லயே ஏபி 540னு சட்டம் வந்தாச்சு, 2018லேர்ந்து அடல்ட் ஸ்கூல்ல படிச்ச காலத்தையும் கணக்குல எடுத்துக்கறாங்க. மத்தத காலேஜ் கவுன்சிலர்கிட்ட அவங்களே தனியா பேசிக்கட்டும்.

பூட்கேம்ப் வேண்டாம். உள்ளூர்க்காரங்களுக்கு கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு யூனிட், அதான் பாடத்த அளக்கற கணக்கு, 46 டாலர், நாலு யூனிட் கோர்ஸ்னா 184. வருமானம் கம்மின்னா அதையும் தள்ளுபடி பண்றாங்க.

அப்புறம் அந்த "வேலை செய்யறவங்கன்னாலும்". அதுல இருக்கற "னாலும்"ம எடுத்துடுங்க. மனசுலேர்ந்தும் எடுத்துடுங்க.

2012ல நான் அங்க தான் இருந்தேன், ஹெச்-4ல, அதான் வீட்டுக்காரர் வேலை விசாவோட சேந்து வர்ற விசா. எங்கள மாதிரி ஆளுங்க சிலருக்காவது வேலை பாக்க அனுமதி கெடச்சதே 2015ல தான், அதனால பகல் முழுக்க சுவத்த பாத்துட்டு உக்காந்திருப்பேன். பைத்தியம் பிடிச்சிடும்னு கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு ப்ரோக்ராமிங் ஈவ்னிங் கிளாஸ்ல சேந்தேன். பக்கத்து சீட்ல ஒரு அக்கா, மெக்சிகோல மிச்சோவகான் பக்கம், வயசு 38. கிளாஸ் ஆறுலேர்ந்து எட்டம்பது வரைக்கும், பத்து மணிக்கு ஆபீஸ் பில்டிங் க்ளீன் பண்ற வேலை. கம்பெனி பேர் போட்ட டீஷர்ட்டோடயே வருவாங்க, கையில எப்பவும் ப்ளீச் வாசம். என்ன "மிஹா"ன்னு கூப்பிடுவாங்க, நாம கண்ணுன்னு கூப்பிடற மாதிரி. வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது, வேலைக்கு தர்ற ஷீட்டோட பின்பக்கத்துல பென்சில்ல ப்ரோக்ராம் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் வேரியபிள் என்ன ஆகுதுன்னு கட்டம் போட்டு பாத்து, கிளாஸுக்கு முன்னாடி லேப்ல நாப்பது நிமிஷத்துல டைப் பண்ணிடுவாங்க.

ஒருநாள் அர்ரே சொல்லிக் குடுத்தாங்க, அதான் ஒரே பேர்ல வரிசையா வெக்கற மதிப்புகள். அந்த வரிசையோட இட எண் (இன்டெக்ஸ்) ஏன் ஜீரோலேர்ந்து ஆரம்பிக்குதுன்னு அமெரிக்கப் பசங்க எல்லாம் குழம்பறாங்க, ஏன்னா அங்க லிஃப்ட்ல தரைத்தளமே ஒண்ணு. இந்த அக்கா என் பக்கம் திரும்பி "எங்க ஊர்ல கீழ இருக்கறது ப்ளாண்ட்டா பாஹா, அதுக்கு மேல தான் ஒண்ணு, அவ்ளோதானே?"ன்னாங்க. நமக்கும் கிரவுண்ட் ஃப்ளோர் அப்படி தானே! ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்த செமஸ்டர் முழுக்க அவங்க ஒரு தடவ கூட இன்டெக்ஸ்ல தப்பு விட்டு நான் பாக்கல.

இப்படிப்பட்டவங்க அந்தக் கிளாஸுக்கு வந்து சேரவே ரெண்டு வருஷம் ஆயிருக்கு, ஆர். இத நான் யார்கிட்டயும் சொல்லாம விட்டதே இல்ல. காலேஜ்ல சேந்தப்ப ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் வெச்சிருக்காங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி படிச்ச பின்னக்கணக்கு மறந்துபோச்சு, அதுவும் இங்கிலீஷ்ல கேள்வி. கொண்டுபோய் அரித்மெட்டிக்ல போட்டுட்டாங்க. அது முடிஞ்சு ப்ரீ-அல்ஜீப்ரா, அப்புறம் எலிமென்டரி, அப்புறம் இன்டர்மீடியட்னு நாலு செமஸ்டர், அதுல ஒரு யூனிட் கூட யூனிவர்சிட்டில எடுபடாது. வேலை, பொண்ணு, வாடகை எல்லாத்துக்கும் நடுவுல கிழிச்சு எடுத்த நேரத்த வாங்கி குப்பைல போட்ட மாதிரி. நெறைய பேர் அந்தப் படிக்கட்டுலயே தொலஞ்சு போனாங்க. 2017ல ஏபி 705னு சட்டம் போட்டு அந்த டெஸ்ட்ட நம்பி ஆள கீழ தள்றத நிறுத்தச் சொன்னாங்க. அதனால உங்க வீட்டுக்கு வர்றவங்கள யாராவது "அடிப்படைலேர்ந்து ஆரம்பிம்மா"ன்னு சொன்னா, அது கட்டாயமான்னு திருப்பி கேக்கச் சொல்லுங்க, ஒரு தடவ இல்ல, மூணு தடவ கேக்கச் சொல்லுங்க.

லேட்டான்னு கேட்டீங்க. எலென் ஓச்சோவா 1993ல டிஸ்கவரி விண்கலத்துல விண்வெளிக்கு போனாங்க, லத்தீன் அமெரிக்க வம்சாவளில போன முதல் பெண் அவங்க தான். எனக்கு அவங்கள விட அவங்க அம்மா மேல தான் பிரியம். அஞ்சு புள்ளைங்கள வளத்துக்கிட்டே ஒவ்வொரு கோர்ஸா படிச்சு, டிகிரி வாங்க இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வீட்டுல புள்ளைங்க வளந்ததே அம்மா புஸ்தகம் பிரிச்சு வெச்சிருக்கறத பாத்து தான்.

நம்ம அக்காவும் பொண்ண சில நாள் கிளாஸுக்கு கூட்டிட்டு வருவாங்க. ஏழு வயசு, கடைசி வரிசைல உக்காந்து கலர் அடிக்கும். மத்த நாள்ல அவங்க தங்கச்சி பாத்துப்பாங்க. அடுத்த செமஸ்டர் ஒன்பதாவது வாரத்துல அக்காவ காணோம். கஷ்டமா இருந்திருக்கும், விட்டுட்டாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் தெரிஞ்சுது, தங்கச்சிக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு, பொண்ண பாத்துக்க ஆளில்ல. மார்க்‌ஷீட்ல டபிள்யூ (கோர்ஸ பாதில விட்டதுக்கான குறி) விழுந்துடுச்சு, அது சேரச் சேர உதவித்தொகையும் நின்னுடும்.

என் வீடு அவங்க வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம். எனக்கு நேரம் மலையா குவிஞ்சு கெடந்துச்சு. அவங்களுக்கு வாரத்துல ரெண்டு சாயங்காலம் தேவைப்பட்டுச்சு. நான் கேக்கல. லூப்ல டவுட் கேக்கத் தெரிஞ்ச எனக்கு, பொண்ண யார் பாத்துக்கறாங்கன்னு கேக்கத் தோணல. பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் இது எனக்கு ஆறல.

ஒரு வருஷம் கழிச்சு அவங்களே திரும்பி வந்தாங்க. அங்கிருந்து சான் ஹோசே ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு மாறி, 2019ல, 45 வயசுல, மெடிக்கல் கருவி பண்ற கம்பெனி ஒண்ணுல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு சேந்தாங்க. போட்டோல கவுன் போட்டு நிக்கறது அந்த கலர் அடிச்ச பொண்ணு.

அடுத்த தடவ உங்க வீட்டுக்கு க்ளீனிங்குக்கு வர்றவங்க வரும்போது வேலைய நிறுத்தச் சொல்லி, ஒரு காபி போட்டுக் குடுத்து, கூட உக்காந்து கேளுங்க. எந்தெந்த சாயங்காலம் கிளாஸ் போக முடியும், அன்னிக்கு பொண்ணு யார்கிட்ட இருக்கும்னு. உங்க பையன் ஹோம்வொர்க் பண்ற டேபிள்ல இன்னொரு நாற்காலி போட முடியும்ல? செவ்வாய், வியாழன், அஞ்சரைலேர்ந்து ஒன்பதரை வரைக்கும். அதுக்காக அவங்க சம்பளத்துல ஒரு டாலர் பிடிக்காதீங்க. பைத்தானோ ஜாவாவோ, அந்த ரெண்டு நாள்ல காலேஜ்ல எந்தக் கிளாஸ் இருக்கோ அதுல சேரட்டும்.