மொபைல் மோர்ஸ் கோட் பயிற்சி ஆப்பை கம்ப்யூட்டரில் பயன்படுத்த முடியுமா?

முடியும். விண்டோஸ் என்றால் ஏதாவது ஒரு ஆண்ட்ராய்டு எமுலேட்டரை (கம்ப்யூட்டருக்குள் ஆண்ட்ராய்டு போன்போல நடிக்கும் மென்பொருள்) போட்டு அதற்குள் ஆப்பை நிறுவலாம். விண்டோஸிலேயே ஆண்ட்ராய்டு ஆப் ஓட ஒரு வசதி இருந்தது, அதை 2025 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். குரோம்புக் பெரும்பாலானவற்றில் பிளே ஸ்டோரே இருக்கும். எம்1 முதலான சிப் உள்ள மேக்கில், ஆப்பைச் செய்தவர் அனுமதித்திருந்தால் ஐபோன் ஆப் நேராகவே ஓடும்.

கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கும் என் நிலைமைதான் என்று தோன்றுவதால் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன். போன் திரையில் கட்டைவிரலால் தட்டித் தட்டி வெறுத்துப்போய், தந்தி அடிக்கும் நிஜமான மோர்ஸ் கீயில் அடிக்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கும், சரிதானே?

நான் ஒரு பழைய மவுஸைப் பிரித்து, இடது பட்டனுக்கு அடியில் இருக்கும் குட்டி ஸ்விட்சின் கால்களில் இரண்டு வயரைப் பற்றவைத்து, மறுமுனையை மோர்ஸ் கீயில் கட்டினேன். கீயை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு அது இடது கிளிக். எமுலேட்டரில் ஆப்பைத் திறந்து, அதிலிருக்கும் வட்டப் பட்டன் மேல் கர்சரை நிறுத்திவிட்டு அடிக்க வேண்டியதுதான். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. ‘ஹெச்’ அடித்தால், அதாவது நாலு குட்டி ஒலி, டிட் டிட் டிட் டிட், ஆப் ‘எஸ்’ என்று காட்டியது. நாலில் ஒரு டிட்டை எங்கேயோ விழுங்கிவிட்டது. மணிக்கட்டுதான் சரியில்லை என்று நினைத்து ஒரு மாதம் தினமும் ‘ஹெச்’ மட்டும் அடித்தேன். நடுவில் ஒருநாள் கர்சர் இருந்த இடத்திலேயே விளம்பரம் முளைத்து, நான் மும்முரமாக அடித்த நாலு டிட்டும் அதன் மேல் விழுந்து, ஏதோ பண்ணை விளையாட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. எரிச்சலில் அதே ஆப்பை போனில் திறந்து விரலால் தட்டினேன். முதல் தடவையே ‘ஹெச்’.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 20 வார்த்தை வேகத்தில் ஒரு டிட் 60 மில்லி செகண்ட், நீள ஒலியான டா அதைப்போல மூன்று மடங்கு. எமுலேட்டர் கிளிக்கை வாங்கி, ஆப்புக்குக் கொடுத்து, சத்தத்தைத் திருப்பி அனுப்புவதற்குள் விரல் மேலே வந்துவிடுகிறது. போதாததற்கு நான் புளூடூத் ஹெட்போன் வேறு மாட்டியிருந்தேன், அது ஒன்றே பெரும்பாலும் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதப்படுத்தும். தான் அடிக்கும் சத்தம் பிந்தி வந்தால் யார் கைக்கும் தாளம் நிற்காது. (போனில் ஹெட்போன் துளையை எடுத்த புண்ணியவான்கள் யாராக இருந்தாலும், இதைப் படித்தால் ஒரு நிமிடம் வெட்கப்படட்டும். வயர் ஹெட்போன் மூன்று சும்மா கிடக்கிறது என்னிடம்.)

ஆனால் கேட்டுப் பழகுவதற்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. எல்லாம் ஒரே அளவு தள்ளி வந்தால் காதுக்குத் தெரியவா போகிறது? சத்தம் விட்டுவிட்டு வராத வரைக்கும் எமுலேட்டர் போதும். அதற்கும் எமுலேட்டர் எதற்கு என்பேன். எல்சிடபிள்யூஓ (LCWO) என்ற மோர்ஸ் பயிற்சித் தளம் பிரவுசரிலேயே ஓடுகிறது, ஜி4எஃப்ஓஎன் (G4FON) என்ற பயிற்சி மென்பொருள் விண்டோஸிலேயே ஓடுகிறது. இரண்டுமே காக் (Koch) முறை: ‘கே’, ‘எம்’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் அடுத்த எழுத்து. அடித்துப் பழக, கீயில் ஒரு பஸ்ஸரும் பேட்டரியும் கட்டினால் போதும், தாமதமே இல்லை. அடிப்பதை எழுத்தாகக் காட்டாதுதான். உங்கள் காதே சொல்லும்.

நான் நிபுணன் இல்லை. “என் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் அருமையாக ஓடுகிறதே” என்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் மெஷின் நல்ல மெஷினாக இருக்கும். “இந்தக் காலத்தில் மோர்ஸ் எதற்கு” என்று கேட்க வருபவர்களுக்கும் ஒன்று: கேள்வி அதுவல்ல. பூக்கோலம் போடுகிறவரிடம் எதற்கு என்று யாராவது கேட்கிறார்களா?

ஆப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மவுஸைப் பிரிக்காதீர்கள். என்னுடையதில் இப்போது வலது பட்டன் மட்டும்தான் வேலை செய்கிறது.