பிள்ளைகளுக்குப் போர் வரலாறு: நான் முதலில் சொல்லும் பெயர் ஸ்டீவ் ஷெயின்கின்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. இரண்டாம் உலகப் போர் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறாள். அந்த வயதுக்கு ஏற்றபடி எழுதும் எழுத்தாளர் யார்? இந்த வயதில் போரைப் பற்றிப் படிக்கக் கொடுக்கலாமா?

பதில்:

தாராளமாகக் கொடுக்கலாம். யார் எழுதியது என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள். ஆங்கிலத்தில் படிப்பாள் என்றால் ஸ்டீவ் ஷெயின்கினிடமிருந்து தொடங்கலாம். அமெரிக்கர். பல வருடம் பள்ளிகளுக்கு வரலாற்றுப் பாடநூல் எழுதியவர். பாடநூலில் சேர்க்க விடாத சம்பவங்களையெல்லாம் தனியே சேர்த்து வைத்துக்கொண்டே வந்து, பிறகு அவற்றை வைத்துச் சொந்தமாக எழுத ஆரம்பித்தார். பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்தான் அவருடைய வாசகர்கள். ஆனால் நான் படித்ததும், திரும்பத் திரும்பப் படிப்பதும் பெரியவனான பிறகுதான்.

போர் பற்றிய சிறுவர் நூல்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, டாங்கி, விமானம், தளபதி என்று படம் போட்டுக் காட்டுவது. இன்னொன்று, தேதியும் ஒப்பந்தமும். ஷெயின்கின் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு விஷயங்களைத் துரத்துகிறார்: இந்த முடிவை எடுத்தது யார், அதற்கு விலை கொடுத்தது யார். அவருடைய எல்லாப் போர் நூல்களும் இந்த இரண்டு கேள்விகளில்தான் நிற்கின்றன. 'தி போர்ட் சிகாகோ 50' (2014) என்ற நூலில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நூல் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் தொடங்குகிறது. 1941 டிசம்பர் 7. டோரி மில்லர் என்ற கறுப்பின மாலுமி, வெஸ்ட் வர்ஜீனியா கப்பலில் உணவுக்கூடப் பணியாளர். ஜப்பானிய விமானங்கள் வந்தபோது அழுக்குத் துணிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். கறுப்பினத்தவருக்கு அந்தக் கப்பலில் துப்பாக்கிப் பயிற்சியே கிடையாது. ஆனாலும் விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார், காயம்பட்டவர்களைத் தூக்கினார். கடற்படையின் உயரிய வீரப் பதக்கமான நேவி கிராஸ் கிடைத்தது. அதற்குப் பிறகும் சமையல் பிரிவில்தான் இருந்தார். 1943 நவம்பரில் லிஸ்காம் பே கப்பல் மூழ்கியபோது இறந்தார்.

இவரில் தொடங்கியதற்குக் காரணம் அடுத்த பக்கங்களில் புரியும். சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே போர்ட் சிகாகோ என்ற கடற்படை வெடிமருந்துத் துறை. கப்பலில் குண்டு ஏற்றும் மாலுமிகள் எல்லோரும் கறுப்பினத்தவர், மேலிருந்த அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர். வெடிபொருளைக் கையாள மாலுமிகளுக்கு முறையான பயிற்சி தரவில்லை. எந்தப் பிரிவு அதிக டன் ஏற்றும் என்று அதிகாரிகளுக்குள் பந்தயம் வேறு. 1944 ஜூலை 17 இரவு 10:18க்கு எல்லாம் வெடித்தது. 320 பேர் அங்கேயே செத்தார்கள். அதில் 202 பேர் குண்டு ஏற்றும் வேலை பார்த்த கறுப்பின மாலுமிகள்.

தப்பிய அதிகாரிகளுக்கு விடுப்பு கொடுத்தார்கள். தப்பிய மாலுமிகளைச் சிதறிய உடல்களைப் பொறுக்க வைத்தார்கள். மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 9 அன்று, பக்கத்துக் கடற்படைத் தளமான மேர் ஐலண்டில் மறுபடி அதே வேலைக்குப் போகச் சொன்னார்கள். 258 பேர் மறுத்தார்கள். போர்க்காலக் கலகத்துக்கு மரண தண்டனை என்று அட்மிரல் ஒருவர் நேரில் வந்து மிரட்டினார். கடைசியில் 50 பேர் மீது கலகக் குற்றம் சாட்டினார்கள். அவர்களில் பலர் இருபது வயதைச் சுற்றி இருந்தவர்கள். விசாரணை வாரக்கணக்கில் நடந்தது. தீர்ப்புக்கு நீதிபதிகள் எடுத்துக்கொண்டது மதிய உணவு நேரமும் சேர்த்து 80 நிமிடம். எல்லோரும் குற்றவாளிகள். அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மேல்முறையீடு செய்தவர் தர்குட் மார்ஷல், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைப் படித்தால் கட்டாயம் ஒரு கேள்வி கேட்கும்: உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது தப்பா, சரியா? ஷெயின்கின் பதில் சொல்லிக் கொடுப்பதில்லை. மாலுமிகள் என்ன சொன்னார்கள், அதிகாரிகள் என்ன சொன்னார்கள், வழக்கறிஞர்கள் எப்படி மடக்கினார்கள் என்று எல்லாவற்றையும் முன்னால் வைக்கிறார். கைதிகளில் முக்கியமானவரான ஜோ ஸ்மால் பேசும் இடங்களை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். நூல் வந்து பத்து வருடம் கழித்து, 2024 ஜூலை 17 அன்று, அமெரிக்கக் கடற்படை அந்த மாலுமிகளைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. அப்போது அந்த 50 பேரில் யாரும் உயிரோடு இல்லை. உங்கள் மகள் படித்து முடித்ததும் இதையும் சொல்லிவிடுங்கள்.

அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது 'பாம்' (2012). அணுகுண்டு செய்யவும் திருடவும் நடந்த போட்டி. சிறுவர் நூல்களுக்கான அமெரிக்க விருதான நியூபெரி ஹானர் பெற்றது. பிலடெல்ஃபியாவில் ஹாரி கோல்ட் என்ற வேதியியலாளர், சோவியத் உளவாளி, அமெரிக்கப் புலனாய்வு அதிகாரிகள் வருவதற்குள் காகிதங்களை அழிக்கப் பதறும் காட்சியில் ஆரம்பிக்கிறது. பிறகு அமெரிக்கா குண்டு செய்த லாஸ் அலமோஸ், மாஸ்கோ, நார்வே என்று மாறி மாறிப் போகிறது. 1943 பிப்ரவரி இறுதியில் ஓர் இரவு, நார்வே வீரர்கள் ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, மறுகரை ஏறி ஜெர்மானியரின் அணு ஆராய்ச்சிக்குக் கனநீர் தந்த வேமோர்க் ஆலையைத் தகர்த்த அத்தியாயம் இருக்கிறதே, துப்பாக்கி ஒருமுறைகூட வெடிக்காமல் முடிந்த சாகசம் அது. பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள்.

இந்த நூலில் எனக்கு ஒரு குறை உண்டு. குண்டு செய்தவர்கள், திருடியவர்கள் பக்கம் நிறைந்திருக்கிற அளவுக்கு, குண்டு விழுந்த மக்களின் பக்கம் இல்லை. அதனால் இதோடு கெய்ஜி நாகசாவாவின் 'பேர்ஃபுட் ஜென்' சித்திரக்கதையையும் சேர்த்துக் கொடுப்பேன். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நாகசாவாவுக்கு ஆறு வயது. அவருடைய அப்பாவும், உடன்பிறந்தவர்களில் இருவரும் அன்று இறந்துபோனார்கள். கோரமான படங்கள் உண்டு, நீங்கள் முதலில் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

ஷெயின்கின் மேல் எனக்குள்ள மதிப்புக்கு இன்னொரு காரணம், அவர் வசனம் புனைவதில்லை. நாவல் போல வேகமாக ஓடும். ஆனால் மேற்கோள் குறிக்குள் வரும் ஒவ்வொரு பேச்சுக்கும் பின்பக்கத்தில் ஆதாரம் இருக்கும்: நேர்காணல், நீதிமன்றப் பதிவு, நினைவுக் குறிப்பு. சின்னப் பிள்ளைகள்தானே என்று இஷ்டத்துக்கு எழுதிவிடுவதில் எனக்கு உடன்பாடே கிடையாது. என் அக்கா மகனுக்கு டாங்கிகளின் பெயரெல்லாம் மனப்பாடம், எதில் எத்தனை மில்லிமீட்டர் பீரங்கி என்றுகூடச் சொல்லுவான். இந்த நூல்களைப் படித்த பிறகு, "இது இவருக்கு எப்படித் தெரியும் மாமா?" என்று பின்பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தான். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இப்படி ஒரு நூல் சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்படுகிறேன். 1942–43இல் ஜப்பானியர் போட்ட, 400 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பாதை. மலேயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே காலராவிலும் பசியிலும் செத்தார்கள். உலகம் அந்தப் பாதையை நினைத்தால் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளைத்தான் நினைக்கிறது. போர்ட் சிகாகோவில் குண்டு ஏற்றியவர்களை எழுதிய மாதிரி, அங்கே மண் சுமந்த நம் ஆட்களையும் பெயர் சொல்லி, ஆதாரத்தோடு யாராவது எழுத வேண்டும்.

மற்ற நூல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'மோஸ்ட் டேஞ்சரஸ்' (2015), வியட்நாம் போரின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கின் கதை. அந்த ஆவணங்களை நகலெடுக்கும்போது அவருடைய 13 வயது மகனும் 10 வயது மகளும்கூட உதவினார்கள். உங்கள் மகளுக்கு இது பிடிக்கும், ஆனால் அரசியல் கொஞ்சம் அதிகம், கூட உட்கார்ந்து விளக்க வேண்டிவரும். 'இம்பாசிபிள் எஸ்கேப்' (2023), 1944 ஏப்ரலில் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய ருடால்ஃப் வெர்பாவைப் பற்றியது. தப்பியபோது அவருக்கு வயது 19. மரக்கட்டைக் குவியலுக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்து, தன் கூட்டாளி ஆல்ஃபிரெட் வெட்ஸ்லருடன் வெளியே வந்து, அங்கே நடப்பதை உலகத்துக்குச் சொன்னார். கனமான நூல்.

வரிசை கேட்டால்: முதலில் 'பாம்', அடுத்து 'போர்ட் சிகாகோ'. எல்ஸ்பெர்க் கதைக்கு ஒரு வருடம் பொறுக்கலாம். ஆஷ்விட்ஸ் நூலை 15 வயதுக்கு முன்னால் தனியாகப் படிக்கக் கொடுக்க வேண்டாம். நீங்களும் சேர்ந்து படியுங்கள், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும்.