கதையில் சிரிப்பு, கவிதை, தத்துவம் மூன்றையும் கலப்பது எப்படி?

தனித்தனியாக எடுத்துக் கலந்தால் ஒட்டவே ஒட்டாது. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடத்தில் (கூத்துக்கென்றே கட்டிய மேடை) தோல்பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் தோல்பாவைக்கூத்து நடக்கும்போது ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரிய, புலவர் (பாவையாட்டும் கலைஞரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடுவார், அப்புறம் பொருள் சொல்ல ஆரம்பித்து, தர்மம், விதி என்று எங்கெங்கோ போய், நடுவில் ஒரு சிரிப்பையும் நுழைத்துவிடுவார். பாட்டுதான் முதலில், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பது.

நீங்களும் முதலில் ஒரு காட்சியை வையுங்கள். வாளையாறு தாண்டும் பஸ்ஸில், பலாப்பழத்துக்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்கிறார் கண்டக்டர். "டிக்கெட் போட்டா அதுக்கு உக்கார இடமும் குடு தம்பி, எனக்குப் பேச்சுத்துணை ஆச்சு" என்கிறாள் கிழவி. சரி, இதற்கு மேல் தனிமையைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.