கூடுதல் சிலிண்டருக்கு எவ்வளவு ஈயம்?

கேள்வி: அண்ணா, கோணேசர் கோயில் மலையடியில் சுழியோடும்போது முதுகில் உள்ளதைத் தவிர, இடப்பக்கம் இன்னொரு 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரையும் மாட்டிக்கொள்கிறேன். இறங்கியதும் உடல் இடப்பக்கம் சரிகிறது. முடிவில் அதன் அடிப்பகுதி மேலெழும்பி, மேலே வருமுன் 5 மீற்றரில் செய்யும் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாமல் என்னையும் மேலே இழுக்கிறது. இடுப்புப் பட்டியில் 4 கிலோ ஈயம் கூட்டு என்கிறார் படகுக்காரர். கூட்டலாமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: ஈயம் தேவைதான் தம்பி. ஆனால் 4 கிலோ வேண்டாம், இடுப்பிலும் வேண்டாம்.

படகில் தூக்கும்போது கையை ஒடிக்கிற அந்தச் சிலிண்டர் நீருக்குள் வேறு ஆள். 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். நிரம்பியிருக்கையில் சிலிண்டர் கடல்நீரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் கீழே இழுக்கும். காற்றைச் சுவாசித்து முடித்தாலோ அதே சிலிண்டர் மிதக்கத் தொடங்கும். ரெகுலேட்டரின் (சிலிண்டர்க் காற்றை வாய்க்குத் தரும் கருவி) எடை போக ஒரு கிலோ, சில வேளை அதற்குச் சற்று மேலும் அது உங்களை மேலே தூக்கும். 5 மீற்றரில் உங்களை இழுப்பது இதுதான். வால்வும் ரெகுலேட்டரும் சிலிண்டரின் கழுத்துப் பக்கம் கனப்பதால் அடிப்பகுதிதான் முதலில் எழும்பும்.

ஆகவே ஈயத்தைக் கணக்கிட வேண்டியது முடிவை வைத்து. இரண்டு சிலிண்டரிலும் 50 பார் மட்டும் இருக்கும்போது, வழக்கமான உடையோடு நிலாவெளியில் கழுத்தளவுக்குச் சற்று மேலான நீருக்குப் போங்கள். மிதவைச் சட்டையின் (காற்றை ஊதியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு, காலை ஆட்டாமல் சாதாரண மூச்சோடு நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். மூச்சை வெளிவிட்டால் மெல்ல அமிழ வேண்டும். அமிழாவிட்டால் அரைக் கிலோ கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கிலோவுக்குள் நின்றுவிடும்.

4 கிலோவைக் கட்டினால் என்ன ஆகும்? 20 மீற்றரில் அதைச் சமன்செய்ய மிதவைச் சட்டைக்குள் ஏறத்தாழ 4 லீற்றர் காற்றை ஊத வேண்டும். அதை வெளியேற்றாமல் 5 மீற்றருக்கு வந்தால் அது 8 லீற்றராகிவிடும். எந்த மேலெழும்பலுக்குப் பயந்து ஈயம் கட்டினீர்களோ, அதுவே இரட்டிப்பாகும். போதாக்குறைக்கு, இடுப்பில் ஈயமும் நெஞ்சில் காற்றுமாகக் கால் தொங்கும். காலில் மாட்டிய துடுப்பு மணலைக் கிளப்ப, 1956இல் சுழியோடி மைக் வில்சன் கடலடியில் கண்ட கோயில் தூண்களைப் பார்க்க வந்த மற்றவர்கள் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும், நியாயம்தான்.

சரிவை மட்டும் ஈயத்தால் குணப்படுத்தப் பார்க்காதீர்கள். வலப்பக்கம் ஈயம் வைத்துத் தொடக்கத்தில் நேராக்கினால், சிலிண்டர் காலியானதும் இரு மடங்கு வலப்பக்கம் சரிவீர்கள். சிலிண்டரை உடலோடு நெருக்குவதே மருந்து. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத்தானே சுமக்கிறோம்? சிலிண்டரின் கழுத்தை உங்கள் அக்குளுக்குக் கீழே தடித்த இறப்பர் நாடாவால் இறுக்குங்கள். இறங்கும்போது கீழ்க் கொக்கி இடுப்பின் பின்வளையத்தில் இருக்கட்டும். பாதிக்கு மேல் காலியானதும் அதை முன்வளையத்துக்கு மாற்றுங்கள், அடிப்பகுதி படியும். கையுறை போட்டுக்கொண்டு இதைச் செய்வது எரிச்சல் தரும், கரையில் பழகிக்கொள்ளுங்கள்.

கூட்டும் ஈயத்தில் பாதியை முதுகுச் சிலிண்டரின் பட்டியில், முதுகெலும்புக்கு நேராகச் செருகுங்கள். மீதி, அவசரத்தில் கழற்றி எறியக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

கூடுதல் சிலிண்டரை ஆபத்துக்கென்று நிரப்பியபடியே வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் அதை மாட்டாமலே மேற்சொன்ன சோதனையைச் செய்து ஈயத்தை முடிவு செய்ய வேண்டும். அப்போதுதான் வேறொருவருக்கு அதைக் கழற்றிக் கொடுத்த பிறகும் 5 மீற்றரில் நிற்க முடியும்.

காற்று மிச்சமிருக்கிறது என்பதற்காகக் சுழியோடிகள் மணிக்கட்டில் கட்டும் கைக்கணினி காட்டும் நேர வரம்பைத் தாண்டிக் கீழே இருக்காதீர்கள். உடலில் நைதரசன் சேர்வது ஆழத்தையும் நேரத்தையும் பொறுத்தது. எத்தனை சிலிண்டர் கொண்டுபோனாலும் அந்த நேரம் ஒரு நிமிடம்கூட நீளாது.