அடியேன், சாமுராய் – கடிதம்

ஐயா, வணக்கம்.

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டோக்கியோ வாடிக்கையாளர்களுக்காக இரண்டு வருடமாக ஜப்பானியம் படிக்கிறேன். ஷோகுன் என்ற தொடரைப் பார்த்ததிலிருந்து சாமுராய்த் தொடர்கள் மீது பைத்தியமாகிவிட்டது. தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் அதுதான். போன வாரம் எங்கள் ஆசிரியை எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். நன்றிக்கு 'அரிகாத்தோ' என்று சொல்ல வேண்டிய இடத்தில், தொடரில் சாமுராய் சொல்லும் 'கத்தாஜிகெனாய்' வாயில் வந்துவிட்டது. அவர் ஜப்பானியர். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம், "அதையெல்லாம் பார்க்காதே, பேச்சு கெட்டுப்போகும்" என்றார். அந்தக் காலத்தில் உண்மையிலேயே இப்படித்தான் பேசினார்களா? பார்த்தால் என் ஜப்பானியம் கெட்டுவிடுமா?

கே.,
கோவை

அன்புள்ள கே.,

ஆசிரியை சிரித்ததில் தப்பில்லை. பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தவரிடம் ஒரு பெண் கட்டைக்குரலில் "தங்கள் தயவுக்குக் கடமைப்பட்டுள்ளேன்" என்று சொன்னால் நாமும்தான் சிரிப்போம்.

அப்படிப் பேசினார்களா என்றால், இல்லை. ஷோகுன் நடக்கும் 1600-ஐயே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலப் பேச்சு எப்படி ஒலித்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. சேசு சபைப் பாதிரிமார் 1603-ல் நாகசாகியில் அச்சிட்ட ஜப்பானிய-போர்ச்சுகீசிய அகராதி அது. சுமார் 32,000 சொற்கள். (இதே சபைதான் 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டது.) பாதிரிமார் காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டதால், ஜப்பானிய எழுத்து மறைத்துவிடும் உச்சரிப்பு அதில் அப்படியே தெரிகிறது. இன்று 'ஹனா' எனப்படும் பூ அதில் 'ஃபனா'. 'செ' என்று நாம் கேட்பது அன்று 'ஷெ'.

இன்னும் பழைய சாட்சி ஒரு விடுகதை. 1516-ஆம் ஆண்டு அரண்மனைத் தொகுப்பு ஒன்றில் இருக்கிறது: "தாயை இரண்டு முறை சந்திக்கும், தந்தையை ஒரு முறைகூடச் சந்திக்காது. அது என்ன?" விடை, உதடு. இன்றைய ஜப்பானியருக்கு இது புரியாது. தாய் 'ஹஹா', தந்தை 'சிச்சி'. இரண்டிலும் உதட்டுக்கு வேலையே இல்லை. ஆனால் அன்று தாய் 'ஃபஃபா'. விளக்கை ஊதி அணைப்பதுபோல் இரண்டு தடவை உதடுகள் நெருங்கி வர வேண்டும். 'யாதனின் யாதனின்' குறளைச் சொன்னால் உதடு ஒட்டாது என்று பள்ளிக்கூடத்தில் காட்டுவார்களே, அந்த மாதிரி விளையாட்டு. தமிழில் இந்த விடுகதை எடுபடாது. அம்மாவுக்கும் ஒட்டும், அப்பாவுக்கும் ஒட்டும்.

இப்படியே பேசி ஒரு தொடர் எடுத்தால் ஜப்பானியர்களே வசன வரி போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.யின் 'தைகா' என்ற சரித்திரத் தொடர்கள் 1963 முதல் வருகின்றன. வருடத்துக்கு ஒரு கதை, ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, பாட்டியும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது. பாட்டிக்குப் பழசாகக் கேட்க வேண்டும், பேரனுக்குப் புரியவும் வேண்டும். அதனால் இலக்கணம் பெரும்பாலும் இன்றையது. வாக்கியத்தின் வாலிலும் 'நான், நீ'யிலும் மட்டும் பழைய பூச்சு.

சதோஷி கின்சுய் என்ற மொழியியலாளர் 2003-ல் எழுதிய புத்தகத்தில் இதை 'யாகுவாரிகோ' என்கிறார். பாத்திரப் பேச்சு என்று நாம் சொல்லலாம். வாயைத் திறந்ததுமே இவர் கிழவர், இவர் சாமுராய், இவர் பெரிய வீட்டுப் பெண் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். நிஜத்தில் யாராவது அப்படிப் பேசினார்களா என்பது வேறு கேள்வி. நம் புராணப் படங்களில் நாரதர் பேசும் தமிழை எந்த நூற்றாண்டில் யார் பேசினார்கள்?

பேச்சு மட்டுமா? எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) கல்யாணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது வழக்கம். தொடர்களில் வரும் மனைவிமார் பெரும்பாலும் பளிச்சென்று வெள்ளைப் பல்லோடு சிரிக்கிறார்கள். பல்லுக்கே இந்தக் கதி என்றால் சொல்லை என்ன சொல்ல.

அதற்காக எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. சாமுராய் தன்னைச் சொல்லிக்கொள்ளும் 'செஷ்ஷா'வைப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து, திறமையில்லாதவன். நம் 'அடியேன்', 'சிறியேன்' இருக்கும் அதே தெரு. 'தெரியாது' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஷிரானு' செத்துப்போன சொல் மாதிரித் தோன்றும். ஒசாகாவுக்குப் போனால் டீக்கடைக்காரர் 'ஷிரான்' என்பார். அதே பழைய எதிர்மறைதான், வால் மட்டும் தேய்ந்திருக்கிறது. 'ஷிரானாய்' என்பது டோக்கியோ பக்கத்து வழக்கு. தினமும் நீங்கள் சொல்லும் 'அரிகாத்தோ கொஸாய்மாஸ்' இருக்கிறதே, அதற்குள்ளேயே 'இருக்கிறது' என்பதற்குச் சாமுராய் சொல்லும் 'கொஸாரு' ஒளிந்திருக்கிறது.

எதிரில் இருப்பவரை அழைக்கும் 'கிஸாமா'வின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுத்தைப் பார்த்தால் 'மதிப்புக்குரியவர்'. ஒரு காலத்தில் கடிதங்களில் மரியாதைக்கு எழுதியது. எல்லாரும் எல்லாரையும் அப்படி அழைக்க ஆரம்பித்ததும் மரியாதை கரைந்து, இன்று சண்டையில் 'அடேய்' என்கிற மாதிரி ஆகிவிட்டது. நம் 'நீர்' அந்தப் பாதையில் பாதி தூரம் வந்து நின்றுகொண்டிருக்கிறது.

2022-ன் தைகா தொடர் 12-ஆம் நூற்றாண்டுக் காமகுராவில் நடக்கிறது. அதில் எல்லாரும் ஏறக்குறைய இன்றைய ஜப்பானியத்திலேயே பேசுகிறார்கள். எனக்கு முதல் இரண்டு வாரம் உறுத்தியது, அப்புறம் மறந்தே போனது. பூச்சு போட்டாலும் போடாவிட்டாலும் அந்த நூற்றாண்டின் நிஜப் பேச்சிலிருந்து நாம் ஒரே தூரத்தில்தான் நிற்கிறோம்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் பலவீனத்தை மறைக்கக் கூடாது. 1969-ல் தொடங்கி 2011 வரை ஓடிய மிதோ கோமோன் தொடரில் ஒவ்வொரு வாரமும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒன்று நடக்கும். வியாபாரி வேடத்தில் ஊர் சுற்றும் கிழவரின் ஆள், ஒரு மருந்துச் சிமிழை எடுத்து நீட்டுவான். அதில் நாட்டை ஆளும் தோகுகவா குலத்தின் சின்னம். "இந்தச் சின்னம் கண்ணில் படவில்லையா?" என்று அதட்டுவான். அதில் 'படவில்லை' என்று வரும் 'ஹாய்ரானு'வை இன்றைய 'ஹாய்ரானாய்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், வில்லன் மண்டியிடவே மாட்டான். அது போலிப் பழமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த 'னு' வரும்போது ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து உட்காருகிறேன்.

சரி, உங்கள் ஜப்பானியம் கெடுமா? வாயால் பின்பற்றாமல் காதால் மட்டும் பார்த்தால் கெடாது. ஒரே ஆள் தலைவனிடம் தன்னை எப்படிச் சொல்கிறான், மனைவியிடம் எப்படி, எதிரியிடம் எப்படி என்று கவனியுங்கள். பாடப் புத்தகத்தில் மரியாதைச் சொல் பட்டியலாக இருக்கிறது, இங்கே அது முதுகை வளைத்துக்கொண்டு வருகிறது. அலுவலகத்தில் பயன்படுகிற சொல் வேண்டுமென்றால் 'உத்தரவு' என்கிற மாதிரியான 'கஷிகோமாரிமாஷித்தா'வை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபுவின் கட்டளைக்குப் பணிபவனும் அதைச் சொல்வான், இன்றைய டோக்கியோ ஓட்டல் வரவேற்பாளரும் சொல்வார். வாடிக்கையாளரிடம் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்த வகுப்பில் ஆசிரியையிடம் அந்த உதட்டு விடுகதையைக் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.