தோற்றவர்களும் தொலைந்தவர்களும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க அரசியல் என்றால் லிங்கன், கென்னடி, ஒபாமா என்று நாலைந்து பேரோடு நிறுத்திவிடுகிறோம், அதிகம் பேசப்படாதவர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு நாலு வரி, சிலவற்றுக்கு நீளமான பதில். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு நாள் மட்டும் அமெரிக்க அதிபராக இருந்தவர் ஒருவர் உண்டாமே, நிஜமா?

அவருடைய கல்லறை அப்படித்தான் சொல்கிறது. டேவிட் ரைஸ் அட்சிசன், மிசூரி மாநிலத்திலிருந்து செனட்டுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவைக்குப் போனவர். 1849 மார்ச் 4 அன்று பழைய அதிபர் போல்க்கின் பதவிக்காலம் முடிந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பதவியேற்க மாட்டேன் என்று புதிய அதிபர் டெய்லர் சொல்லிவிட்டு, திங்கட்கிழமைதான் உறுதிமொழி எடுத்தார். அதிபரும் துணை அதிபரும் இல்லாவிட்டால் அடுத்த இடம் செனட்டின் தற்காலிகத் தலைவருக்கு, அப்படியானால் இடைப்பட்ட அந்த ஒரு நாள் அந்தப் பதவியில் இருந்த அட்சிசன்தானே அதிபர் என்று யாரோ கணக்குப் போட, பிளாட்ஸ்பர்க் ஊரில் கல்லிலும் பொறித்துவிட்டார்கள். கணக்கு தப்பு. அதே நாளில் அட்சிசனின் செனட் பதவிக்காலமும் முடிந்திருந்தது, அவரும் திங்கட்கிழமைதான் மறுபடி உறுதிமொழி எடுத்தார். எந்தப் பதவியை வைத்து அவர் அதிபர் ஆவது? அந்த நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழித்ததாக அவரே பிற்பாடு தமாஷாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தமாஷில் மறைந்துபோகிற விஷயம் ஒன்று உண்டு. பக்கத்து கன்சாஸில் அடிமைமுறையைப் புகுத்துவதற்காக ஆயுதம் ஏந்திய கும்பல்களைத் திரட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போனவர் இவர்.

கேள்வி: அடிமையாகப் பிறந்து அமெரிக்க காங்கிரஸுக்குப் போனவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம், செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்தது. பிரதிநிதிகள் சபைக்குள் முதலில் நுழைந்த கறுப்பினத்தவரான ஜோசப் ரெய்னியே அடிமையாகப் பிறந்தவர்தான், அது 1870இல். ஆனால் கதை கேட்க வேண்டும் என்றால் ராபர்ட் ஸ்மால்ஸிடம்தான் போக வேண்டும். ரெய்னியைப் போலவே தெற்கு கரோலினாக்காரர். 1839இல் பியூஃபோர்ட் என்ற ஊரில் எஜமானரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடிசையில் பிறந்தார். அடிமைமுறையை விடாத தென் மாநிலங்களும் வட மாநிலங்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் நடந்தபோது சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்டர்' என்ற தென்தரப்புக் கப்பலை ஓட்டும் வேலை அவருக்கு. 1862 மே மாதம் ஒரு ராத்திரி, கப்பலின் வெள்ளை அதிகாரிகள் மூன்று பேரும் கரையில் தூங்கப் போய்விட்டார்கள். போகக் கூடாது என்று உத்தரவு இருந்தும் போனார்கள். விடிவதற்கு முன் ஸ்மால்ஸும் மற்ற அடிமை மாலுமிகளும் கப்பலைக் கிளப்பி, வேறொரு துறையில் காத்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, தென்தரப்புக் கோட்டைகளைத் தாண்டிப் போனார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர் நிற்கிற மாதிரியே நின்று, ஒவ்வொரு கோட்டைக்கும் கொடுக்க வேண்டிய ஊதல் சைகையைச் சரியாகக் கொடுத்திருக்கிறார் ஸ்மால்ஸ். பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் கொடியை இறக்கிவிட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றி, வடதரப்புக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். அப்போது வயது 23.

கப்பலைக் கொண்டுவந்ததற்காக அரசு கொடுத்த வெகுமதியில் அவர் பங்கு 1,500 டாலர். வரி பாக்கிக்காக ஏலம் போன தன் பழைய எஜமானரின் வீட்டை அவரே வாங்கினார். எந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் பிறந்தாரோ அதே வீடு. 1868இல் தெற்கு கரோலினாவின் புதிய அரசியல் சட்டத்தை எழுதிய மன்றத்தில் உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டும் என்று போராடினார். அப்புறம் ஐந்து முறை காங்கிரஸ் உறுப்பினர். நடுவில் லஞ்ச வழக்கில் தண்டனை, பிறகு மன்னிப்பு. கறுப்பினத் தலைவர்களை ஒழித்துக்கட்ட எதிரிகள் வழக்குகளைத் தாராளமாகப் பயன்படுத்திய காலம் அது, ஆகவே அந்தத் தண்டனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1895இல் அதே மாநிலத்தில் இன்னொரு அரசியல் சட்ட மன்றம் கூடியது. இந்த முறை நோக்கமே கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறிப்பது. அங்கேயும் போய், எங்கள் இனத்துக்குச் சலுகை வேண்டாம், சமமான வாய்ப்பு போதும் என்று பேசினார். தோற்றுப்போனார். பியூஃபோர்ட் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து 1915இல் இறந்தார்.

கேள்வி: காங்கிரஸுக்குத் தேர்வான முதல் இந்தியர் யார்? கமலா ஹாரிஸுக்கு முன்னால் யாராவது உண்டா?

ரொம்பவே முன்னால். தலிப் சிங் சௌந்த், 1956இல். பஞ்சாபில் 1899இல் பிறந்த சீக்கியர். கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போய் பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கியது 1924இல். அதற்கு முந்தைய வருஷம்தான், இந்தியர்கள் 'வெள்ளையர்' என்ற சொல்லுக்குள் வர மாட்டார்கள், ஆகவே குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. குடியுரிமை இல்லை என்றால் கலிபோர்னியாவில் சொந்தப் பெயரில் நிலமும் வாங்க முடியாது. கணித முனைவர் இம்பீரியல் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் பயிரிடப் போனார். சம்பாதித்தார், நஷ்டப்பட்டார், கடனாளி ஆனார், விவசாயத்தை விடவில்லை.

கூடவே இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு இயக்கம் நடத்தினார். 1946இல் சட்டம் மாறியது. அதிலும் வருஷத்துக்கு 100 இந்தியர்தான் குடியேறலாம் என்று ஒதுக்கீடு வைத்தார்கள். 1949இல் குடியுரிமை வாங்கி, மறு வருஷமே வெஸ்ட்மோர்லண்ட் என்ற சின்ன ஊரில் நீதிபதி பதவிக்கு நின்று ஜெயித்தார். குடியுரிமை பெற்று ஒரு வருஷம் முழுதாக ஆகவில்லை என்று சொல்லிப் பதவியைக் கொடுக்கவில்லை. 1952இல் மறுபடி நின்று மறுபடி ஜெயித்தார். அந்தச் சமயத்தில் ஊர்க்காரர் ஒருவர், உங்கள் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகை நீங்களே தருவீர்களா, நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று நக்கலாகக் கேட்டாராம். தலைக்கு மேலே என்ன இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன் என்றார் சௌந்த்.

1956 காங்கிரஸ் தேர்தலில் எதிரே நின்றவர் சாதாரண ஆள் இல்லை. ஜாக்குலின் காக்ரன், ஒலியை விட வேகமாகப் பறந்த முதல் பெண் விமானி, கோடீஸ்வரரின் மனைவி. பத்திரிகைகளின் கண் முழுக்க அவர் மேல். சௌந்த் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். மூன்று முறை உறுப்பினராக இருந்தார். 1962இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சே போய்விட்டது, நவம்பர் தேர்தலில் தோற்றார், 1973இல் இறந்தார். அடுத்த இந்திய வம்சாவளிக்காரர் பிரதிநிதிகள் சபைக்குப் போக 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சபைக்குப் போன முதல் இந்திய வம்சாவளிப் பெண் பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர், தேர்வானது 2016இல்.

கேள்வி: ஜெயிலில் இருந்தபடியே தேர்தலில் ஜெயிப்பது இந்தக் காலத்துப் பழக்கமா?

1798லேயே நடந்தது. வெர்மான்ட் மாநிலத்து மேத்யூ லயன். அயர்லாந்திலிருந்து கொத்தடிமை ஒப்பந்தத்தில் வந்த பையன், உழைத்து முன்னுக்கு வந்து காங்கிரஸ் வரைக்கும் போனார். நாக்கும் கையும் நீளம். தான் ராணுவத்தில் இருந்ததைக் கிண்டல் செய்த ராஜர் கிரிஸ்வோல்ட் என்ற உறுப்பினரின் முகத்தில் சபையிலேயே துப்பினார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் தடியோடு வந்து அடிக்க, லயன் கணப்படுப்பின் இடுக்கியைத் தூக்கிக்கொள்ள, இருவரும் சபைத் தரையில் கட்டிப் புரண்டார்கள். பிறகு அதிபர் ஜான் ஆடம்ஸை விமர்சித்து எழுதியதற்காக, அப்போதுதான் கொண்டுவந்திருந்த தேசத்துரோகப் பேச்சுத் தடைச் சட்டத்தில் லயனுக்கு நாலு மாத ஜெயில், 1,000 டாலர் அபராதம். ஜெயிலில் இருந்தே மறுபடி ஜெயித்தார். 1801இல் அடுத்த அதிபர் ஜெபர்சனா ஆரன் பர்ரா என்று பிரதிநிதிகள் சபை 36 சுற்று ஓட்டெடுத்தபோது, கடைசிச் சுற்றில் வெர்மான்டின் ஓட்டு ஜெபர்சனுக்குப் போனது இவரால்தான். ஆடம்ஸ் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் சிரிப்புதான். அபராதத் தொகையை 1840இல் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கேள்வி: செத்தவர் தேர்தலில் ஜெயித்த கதை?

ஜெயித்திருக்கிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. 1972 அக்டோபர் 16 அன்று, பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸும் அலாஸ்கா உறுப்பினர் நிக் பெகிச்சும் பிரசாரத்துக்காகப் போன சின்ன விமானம் அலாஸ்காவில் காணாமல் போனது. 39 நாள் தேடினார்கள். இன்றுவரை ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை. நவம்பரில் இரண்டு பேருமே ஜெயித்தார்கள். பிற்பாடு இறந்ததாக அறிவித்து இடைத்தேர்தல் வைத்தபோது பாக்ஸின் இடத்துக்கு அவர் மனைவி லிண்டி வந்தார், 1991 வரை இருந்தார். பெகிச்சிடம் தோற்ற டான் யங் இடைத்தேர்தலில் ஜெயித்து 2022இல் இறக்கும் வரை, 49 வருஷம், அந்த நாற்காலியை விடவில்லை. இன்னொன்று: 2000ஆம் ஆண்டு, அதே அக்டோபர் 16, மிசூரி கவர்னர் மெல் கார்னஹன் விமான விபத்தில் இறந்தார். மூன்று வாரம் கழித்து நடந்த செனட் தேர்தலில் உயிரோடிருந்த ஜான் ஆஷ்கிராஃப்ட் அவரிடம் தோற்றார்.

கேள்வி: செனட்டின் முதல் பெண் உறுப்பினர் பெரிய புரட்சிக்காரரா?

ஜார்ஜியாவின் ரெபெக்கா ஃபெல்டன், 1922, வயது 87, பதவி ஒரே ஒரு நாள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்தான். கறுப்பினத்தவரை அடித்துக் கொல்வதை மேடையில் ஆதரித்துப் பேசியவரும் அவரேதான், அடிமைகளை வைத்திருந்த குடும்பம். அவரை நியமித்த கவர்னர் பெண்கள் ஓட்டுரிமையை எதிர்த்தவர், தேர்தல் வந்ததும் பெண்களின் கோபத்தைத் தணிக்க ஒரு பாட்டியை உட்கார வைத்தார். கவர்னரும் அந்தத் தேர்தலில் தோற்றார். இதற்கு மேல் ஃபெல்டனுக்கு இடம் ஒதுக்க மனமில்லை.

பெண்களில் முதல் என்று தேடினால் கன்சாஸின் சுசானா சால்ட்டரைப் பாருங்கள். 1887இல் ஆர்கோனியா ஊரில் சில ஆண்கள் கேலிக்காக அவர் பெயரை மேயர் வேட்பாளர் பட்டியலில் போட்டார்கள். ஓட்டுப்பதிவு நாளன்றுதான் அவருக்கே விஷயம் தெரியும். சரி, ஜெயித்தால் இருக்கிறேன் என்றார். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தது. ஒரு வருஷம் மேயர், சம்பளம் ஒரு டாலர்.

கேள்வி: ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது தனியாக ஓட்டுப் போட்டவர்களுக்கு என்ன ஆகும்?

பெரும்பாலும் பதவி போகும். மொன்டானாவின் ஜெனெட் ராங்கின், காங்கிரஸின் முதல் பெண். 1916இல் தேர்வானார், நாட்டில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் பெண்களுக்கு முழு ஓட்டுரிமையே இல்லாத காலம். 1917இல் முதல் உலகப் போருக்கு எதிராக ஓட்டுப் போட்டார், கூட 49 பேர் இருந்தார்கள். 1940இல் மறுபடி ஜெயித்து வந்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள் ஜப்பான் மீது போர் அறிவிக்க ஓட்டெடுத்தார்கள், 388க்கு 1. அந்த ஒன்று அவர். வெளியே வந்தால் கூட்டம் விரட்ட, டெலிபோன் கூண்டுக்குள் புகுந்துகொண்டு போலீஸுக்குப் போன் செய்தார். ஜப்பான் குண்டு போட்ட பிறகும் போர் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தைரியத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை. அப்புறம் பல முறை இந்தியா வந்தார், காந்தி வழியில் அவருக்கு ஈடுபாடு. 1968இல், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஊர்வலம் போனார்.

அந்தப் போருக்கு வழிவிட்ட 1964 டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தை செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர், வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங். 1968இல் இருவரும் பதவி இழந்தார்கள். மோர்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு விலகியதும் செனட்டுக்கு ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து நடுப்பாதையில் போட்டு உட்கார்ந்தவர், அவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

கேள்வி: தேர்தலில் நின்று நின்றே சலித்துப் போகாதவர் யார்?

ஹெரால்ட் ஸ்டாசன். 31 வயதில் மினசோட்டா கவர்னராகத் தேர்வானவர், 1945இல் ஐ.நா. சாசனத்தில் அமெரிக்கா சார்பாகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தலைவர். 1948இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கு நிஜமாகவே வாய்ப்பு இருந்தது. ஓரிகனில், அதே வேட்பாளர் இடத்துக்குப் போட்டி போட்ட டூயியோடு ரேடியோவில் விவாதம் செய்தார், அங்கேயே சறுக்கினார். அதோடு விட்டிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும். 1992 வரை திரும்பத் திரும்ப நின்றதில் இளமையில் செய்த நல்ல காரியங்கள் எல்லாம் மறந்துபோய், பேரே ஒரு நகைச்சுவைத் துணுக்கு ஆகிவிட்டது.

கேள்வி: வெளிநாட்டில் பதவியேற்ற அமெரிக்கத் துணை அதிபர் யார்?

அலபாமாவின் வில்லியம் ரூஃபஸ் கிங். காசநோய்க்கு வெயில் நல்லது என்று கியூபா போயிருந்தவருக்கு, 1853 மார்ச்சில் அங்கேயே பதவியேற்கத் தனிச் சட்டம் போட்டு அனுமதி கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஊர் திரும்பி மறுநாளே இறந்தார், துணை அதிபராக வாஷிங்டனில் ஒரு நாள் கூட வேலை பார்க்கவில்லை. காலியான துணை அதிபர் பதவியை நிரப்பும் வழி 1967இல் அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தத்தோடுதான் வந்தது. ஆகவே மிச்சமிருந்த கிட்டத்தட்ட நாலு வருஷமும் அந்த நாற்காலி சும்மா கிடந்தது, நிர்வாகம் பாட்டுக்கு நடந்தது.