கேள்வி – பதில்: ரட்லாமில் தவறிய ரயில்

சென்ற இதழில் இந்திக் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இம்தியாஸ் அலியின் ‘ஜப் வி மெட்’ படத்தை முதலிடத்தில் வைத்திருந்தேன். அதை ஆதரித்தும் மறுத்தும் வாசகர்கள் எழுதியிருப்பதால், இந்த இதழ் முழுவதையும் அந்தப் படத்துக்கே ஒதுக்குகிறேன்.

ஓடும் ரயிலில் ஒரு பெண் ஓயாமல் பேசுகிறாள். எதிரே அமர்ந்திருப்பவன் மனம் மாறுகிறான். இதில் முதலிடம் கொடுக்கும் அளவுக்கு என்ன இருக்கிறது?
– வாசகி, திருநெல்வேலி

நீங்கள் சொல்வது படத்தின் முதல் பாதி. தந்தையை இழந்து, தாயின் செயலால் அவமானப்பட்டு, காதலித்த பெண் வேறொருவரை மணப்பதையும் பார்த்துவிட்டு, பயணச்சீட்டுகூட இல்லாமல் மும்பையிலிருந்து ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிடுகிறான் ஆதித்யா கஷ்யப். அதே பெட்டியில், பஞ்சாபில் உள்ள பட்டிண்டாவுக்குப் போய்க்கொண்டிருக்கும் கீத், வாழ்க்கையில் ஒருமுறைகூட ரயிலைத் தவறவிட்டதில்லை என்று பெருமை பேசுகிறவள். நடுவழியில் இறங்கிவிட்ட அவனைத் திரும்ப அழைத்து வரப்போய், முதன்முறையாக அவளே ரயிலைத் தவறவிடுகிறாள். டாக்சியில் துரத்திப் பிடித்த அதே ரயிலை ரட்லாம் நிலையத்தில் மீண்டும் தவறவிடுகிறாள். இதுவரை எவரும் சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

ஆனால் இந்தப் படத்தின் உயிர் இரண்டாம் பாதியில் இருக்கிறது. காதலன் அன்ஷுமானை நம்பி வீட்டை விட்டு வந்த கீத்தை மணாலியில் விட்டுவிட்டு ஆதித்யா ஊர் திரும்புகிறான். ஒன்பது மாதங்கள் கழித்து, அவள் வீடு திரும்பவே இல்லை என்று தெரிந்து தேடிப்போகும்போது, சிம்லாவில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவளாக அவளைக் காண்கிறான். அத்தனை பேசிய பெண்ணின் வாயில் சொல் இல்லாமல் போவதுதான் இந்தப் படம் காட்டும் துயரம். அதற்கு இயக்குநர் தேடிய மருந்தும் பேச்சுதான். முதல் பாதியில் ஒரு விடுதி அறையில், பிரிந்துபோன காதலியின் புகைப்படத்தை எரித்துத் தண்ணீரில் விட்டுவிடச் சொல்லி ஆதித்யாவைத் தேற்றியவள் கீத். சிம்லாவில் அவன் அந்தக் கடனைத் திருப்பித் தருகிறான்: அன்ஷுமானைத் தொலைபேசியில் அழைத்து, வாய்க்கு வந்தபடி திட்டு என்று கருவியை அவள் கையில் கொடுக்கிறான். முதலில் தயங்கி, குரல் நடுங்க ஒன்றிரண்டு சொற்களை உதிர்ப்பவள், பிறகு அணை உடைந்தாற்போலத் திட்டித் தீர்க்கிறாள். அரங்கில் அந்தக் காட்சிக்குச் சிரித்துக்கொண்டே கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஒரே காட்சியில் இரண்டையும் செய்ய வைத்த காதல் நகைச்சுவைப் படங்கள் எனக்குத் தெரிந்து மிகச் சில. அதனால்தான் முதலிடம்.

வெளியானபோதே வரவேற்பு இருந்ததா, பிற்பாடு பெற்ற புகழா?
– வாசகர், தஞ்சாவூர்

வெளியானபோதே ஓடிய படம். ஆயினும் பெரிய எதிர்பார்ப்போடு வந்த படமன்று. இம்தியாஸ் அலியின் முதல் படமான ‘சோச்சா ந தா’ 2005-இல் வெளியாகிப் பாராட்டைப் பெற்றதே தவிர வசூலைப் பெறவில்லை. ஆதித்யாவாக நடித்த ஷாஹித் கபூரும் கீத்தாக நடித்த கரீனா கபூரும் அதற்கு முன் சேர்ந்து நடித்த படங்களும் பெரிய வெற்றியைக் கண்டிருக்கவில்லை. தலைப்பைக்கூட ‘பஞ்சாப் மெயில்’, ‘இஷ்க் வயா பட்டிண்டா’ ஆகியவற்றோடு சேர்த்து மக்கள் வாக்குக்கு விட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2007 அக்டோபர் 26 அன்று வெளியான படத்துக்கு, இரண்டே வாரத்தில் நவம்பர் 9 அன்று, ‘ஓம் சாந்தி ஓம்’, ‘சாவரியா’ என்ற இரு பெரும் படங்கள் ஒரே நாளில் எதிரே வந்து நின்றன. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே அந்த நெருக்கடியிலும் படம் அரங்குகளில் நிலைத்தது.

கரீனாவுக்குச் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதும், இம்தியாஸ் அலிக்கு வசனத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தன. ஷாஹித் பரிந்துரைப் பட்டியலோடு நின்றுவிட்டார். அந்த ஆண்டு ‘சக் தே இந்தியா’வுக்காக ஷாருக் கான் வென்றதில் எனக்குக் குறை இல்லை; ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதும் நடிப்புதான், அதை ஷாஹித் இந்தப் படத்தில் எவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார் என்பது அன்று போதிய அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில், காதலர் தினத்தை ஒட்டிப் படம் மீண்டும் திரையிடப்பட்டது.

நாயகனின் துயரத்தைத் தீர்ப்பதற்காகவே படைக்கப்பட்ட கலகலப்பான பெண்தானே கீத்? ரயில் நிலைய அதிகாரி பெண்ணைத் ‘திறந்து கிடக்கும் பெட்டகம்’ என்று சொல்லும் வசனத்தை இன்றும் ரசிக்க முடிகிறதா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

இரண்டு குற்றச்சாட்டுகளையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. முதலாவதை நான் ஏற்கவில்லை. அத்தகைய நாயகிக்கு நாயகனைத் திருத்தியதோடு வேலை முடிந்துவிடும். அவளுக்கென்று வீழ்ச்சி இருக்காது. கீத் தவறான முடிவை எடுக்கிறாள், அதற்கான விலையைத் தனியாகக் கொடுக்கிறாள், அதிலிருந்து எழுகிறாள். ‘எனக்கு மிகவும் பிடித்தவள் நான்தான்’ என்று அவள் சொல்வது முதல் பாதியில் வெறும் துடுக்காகத் தெரியும். சிம்லாவைப் பார்த்த பிறகு அவள் இழந்தது எதுவென்று அந்த வரியே காட்டிவிடும்.

இரண்டாவது குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. தனியாக வந்த பெண் திறந்து கிடக்கும் பெட்டகம் போன்றவள் என்று உபதேசிக்கும் அந்த மனிதரை இயக்குநர் சிறியவராகவே காட்டுகிறார். கீத்தும் அவரைச் சும்மா விடுவதில்லை. ஆனால் அடுத்த சில நிமிடங்களிலேயே நிலைய வாசலில் ஆண்கள் அவளைச் சூழ, அவள் பயந்து ஓடி ஆதித்யாவின் துணையைத் தேடுகிறாள். அந்த அதிகாரி சொன்னது சரிதான் என்று கதையே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. அரங்கில் அந்த வசனத்துக்கு எழுந்த சிரிப்பு அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பா, அவரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பா என்ற ஐயம் எனக்கு அன்றே இருந்தது. படத்தை எவ்வளவு நேசித்தாலும் அந்த இடத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

தமிழில் ‘கண்டேன் காதலை’ என்று வந்ததே, அது ஏன் இந்த அளவுக்கு மனத்தில் நிற்கவில்லை?
– வாசகர், மதுரை

ஆர். கண்ணன் இயக்கத்தில், பரத்தும் தமன்னாவும் நடித்து 2009-இல் வந்த படம். பட்டிண்டாவுக்குப் பதில் தேனி என்று ஊரை மாற்றியது பொருத்தமான தேர்வு. தமன்னாவின் துறுதுறுப்பிலும் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நம் வழக்கப்படி சந்தானத்தின் நகைச்சுவைக்குத் தனி இடம் ஒதுக்கியதில், சிரிப்பு நாயகியின் பேச்சிலிருந்து விலகி வேறிடத்துக்குப் போய்விட்டது. மூலப் படத்தில் சிரிப்பும் அவளிடம்தான், அது நின்றுபோகும் வலியும் அவளிடம்தான். சிரிப்பைப் பங்கு போட்டுவிட்டால் பிற்பாடு வரும் மௌனத்துக்குக் கனம் குறைந்துவிடுகிறது.

மூலப் படத்திலேயே ஒரு தமிழர் பணியாற்றியிருக்கிறார் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

ஆம், ஒளிப்பதிவாளர் நட்ராஜ் சுப்ரமணியம். ‘சதுரங்க வேட்டை’யின் நாயகனாக நாம் அறிந்த நட்டிதான் அவர். ரட்லாமின் இரவையும் பட்டிண்டா வீட்டின் பகல் வெளிச்சத்தையும் சிம்லாவின் மங்கிய குளிரையும் அவர் வேறுபடுத்தியிருக்கும் விதத்திலேயே கீத்தின் மனநிலையைப் படித்துவிடலாம். நடிகராக அவருக்குக் கிடைத்த பெயரில் பாதியாவது இந்த வேலைக்காக நம்மிடையே கிடைத்திருக்க வேண்டும்.

பாடல்களில் உங்களுக்குப் பிடித்தது?
– வாசகி, சேலம்

‘யே இஷ்க் ஹாயே’ பாடலுக்காக ஷ்ரேயா கோஷலுக்கும் நடன இயக்குநர் சரோஜ் கானுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. பெரும்பாலான பாடல்களுக்கு இசை ப்ரீதம். ஆனால் என் நெஞ்சுக்கு நெருக்கமானது, சந்தேஷ் சாண்டில்யா இசையில் உஸ்தாத் ரஷீத் கான் பாடிய ‘ஆவோகே ஜப் தும்’. 2024 ஜனவரியில் அவர் மறைந்த செய்தி வந்த அன்று நான் முதலில் கேட்ட பாடலும் அதுதான்.

முதன்முறையாகப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, புதுச்சேரி

பட்டிண்டா வீட்டில் தாத்தாவாக வரும் தாரா சிங்கைக் கவனியுங்கள். அந்தக் கூட்டுக் குடும்பத்தின் ஆரவாரத்துக்கு நடுவே, வந்திறங்கிய இருவரையும் பார்த்த மாத்திரத்தில், இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று அனுபவத்தை முன்வைத்துச் சொல்லிவிடுகிறார். அவர்கள் இருவருமே அதை மறுக்கிறார்கள். அப்போது அது பெரியவர் ஒருவரின் வேடிக்கைப் பேச்சாகத்தான் படும். படம் முடியும் தறுவாயில், வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது, அவர் மறுபடியும் வாய் திறக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.